கவனிப்பவரையும் கவனிப்போம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, சமூக சேவைக் குழுவின் சார்பில்)

முன்னுரை

ஒரு வீட்டில் முதியவர் நோயுற்றால் உற்றாரும் உறவினரும் பார்க்க வருவது நம் நாட்டு வழக்கம். ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கி வருவார்கள். கட்டிலருகே அமர்ந்து, “பாட்டிக்கு இப்போது எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறார்களா? தூங்குகிறார்களா?” என்று பரிவோடு விசாரிப்பார்கள். காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நிற்கும் அந்த வீட்டுத் தாயாரைப் பார்த்து, “நீங்கள் சாப்பிட்டீர்களா? நீங்கள் தூங்கினீர்களா?” என்று கேட்பவர் மிகச் சிலரே.

காய்ச்சல் நான்கு நாளில் தணிந்துவிடும். முறிந்த எலும்பும் சில மாதங்களில் கூடிவிடும். ஆனால் மறதி நோய் அப்படிப்பட்டதன்று. அது ஆண்டுக்கணக்கில் நீடிப்பது. அந்த ஆண்டுகள் முழுவதும் நோயாளியின் அருகில் இருந்து பார்த்துக்கொள்பவரின் நிலை என்ன? இவ்வாண்டு எங்கள் சமூக சேவைக் குழுவினர் இக்கேள்வியை எடுத்துக்கொண்டோம். பள்ளிக்கு அருகிலுள்ள மூன்று வீடுகளுக்கு ஆசிரியையுடன் சென்று வந்தோம். நூல்களிலும் தேடிப் படித்தோம். நாங்கள் அறிந்தவற்றைத் தோழியரோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மறதி நோய் என்பது யாது?

முதுமையில் மறதி வருவது இயல்பு. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது நோயன்று. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்குப் பயன்படும் என்று தெரியாமல் விழிப்பதுதான் நோயின் அடையாளம். காலையில் உணவு உண்டதையே மறந்து மறுபடியும் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, பெற்ற மகளை அடையாளம் காணாமற் போவது ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். இதனை ஆங்கில மருத்துவத்தில் டிமென்ஷியா என்பர். இது ஒரே நோயின் பெயரன்று. மூளையைத் தாக்கும் பல நோய்களால் உண்டாகும் நிலை. அவற்றுள் அல்ஸைமர் நோயே மிகுதி. நூற்றில் 60 முதல் 70 பேருக்கு அதுவே காரணம் என்பர். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் பழுதடைவதாலும் இந்நிலை வரும்.

அல்ஸைமர் என்பது ஒரு ஜெர்மானிய டாக்டரின் பெயர். 1901ஆம் ஆண்டு பிராங்பர்ட் நகரிலுள்ள மருத்துவமனையில் ஆகஸ்டே டீட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். மறதி, குழப்பம், கணவர்மேல் காரணமில்லாத சந்தேகம் ஆகியவற்றால் அவர் துன்புற்றார். அலாய்ஸ் அல்ஸைமர் அவரோடு உரையாடி, அவருடைய விடைகளைக் குறித்து வைத்தார். 1906இல் அப்பெண்மணி இறந்த பின் அவருடைய மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு டூபிங்கன் நகரில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் தாம் கண்டதை எடுத்துரைத்தார். 1910இல் கிரெப்ளின் என்னும் பேரறிஞர் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரையே சூட்டினார். டாக்டரின் பெயர் உலகெங்கும் பரவியது. நோயாளியின் பெயரும் நூல்களில் இடம்பெற்றது. மருத்துவமனையில் சேர்க்கும் வரை அவரை வீட்டில் வைத்துப் பார்த்த கணவரைப் பற்றி அதிகம் பேசுவார் இல்லை. கவனிப்பவரை மறப்பது அன்றே தொடங்கிவிட்டது போலும்!

இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. சில மருந்துகள் சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைக் குறைக்கும். எனினும், “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டிலேயே வைத்திருப்பது தவறு. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்பிக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் இதுபோன்ற மறதி வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே முதற்கடமை டாக்டரிடம் அழைத்துச் செல்வதே.

கவனிப்பவரின் ஒரு நாள்

1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் என்னும் இருவர் மறதி நோயாளிகளின் குடும்பத்தாருக்காக ஒரு நூல் எழுதினர். அதற்கு அவர்கள் இட்ட தலைப்பின் பொருள் ‘முப்பத்தாறு மணி நேர நாள்’ என்பதாகும். எல்லோருக்கும் நாள் 24 மணி நேரம். கவனிப்பவருக்கு மட்டும் 36 மணி நேரம்! இத்தலைப்பு எவ்வளவு பொருத்தமானது என்பதை நாங்கள் சென்ற வீடுகளில் கண்டோம்.

பொழுது விடிந்ததும் போராட்டம் தொடங்குகிறது. பல் துலக்க வேண்டும் என்பது பாட்டிக்குப் புரியவில்லை. குளிக்கச் சொன்னால் தண்ணீரைக் கண்டு அஞ்சுகிறார். ஊட்டிய இட்லியில் பாதி தலையணையின் கீழ் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக வாழும் சொந்த வீட்டில் அமர்ந்துகொண்டே, “எப்போது வீட்டுக்குப் போவோம்?” என்று கேட்கிறார். ஒருமுறை விடை சொல்லலாம், பத்துமுறை சொல்லலாம். நாளெல்லாம் அதே கேள்வி என்றால் யாருக்குத்தான் களைப்பு வராது? பொழுது சாயும்போது குழப்பம் கூடுகிறது. இரவில் எழுந்து நடக்கிறார். வாசல் தாழ்ப்பாள் ஓசை கேட்டால் மருமகள் ஓடிவர வேண்டும். அடுப்பைத் திறந்துவிடுவாரோ என்ற அச்சம் வேறு.

எல்லாவற்றிலும் கொடியது பழிச்சொல். எங்கோ வைத்து மறந்த சங்கிலியை, “நீதான் எடுத்தாய்” என்று, தமக்கு ஊட்டிவிடும் கையைப் பார்த்தே சொல்லிவிடுகிறார். சொல்பவர் பாட்டியல்லர், நோய்தான் சொல்கிறது என்பதை மருமகள் அறிவார். அறிந்தாலும் மனம் நோகாமல் இருக்குமா?

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. மறதி நோயாளிகள் சில வேளைகளில் விருந்தினர் முன் நன்றாகவே பேசிவிடுவார்கள். வெளியூரிலிருந்து ஒருநாள் வந்து போகும் உறவினர், “அம்மா நன்றாகத்தானே பேசுகிறார்கள், நீ ஏன் பெரிதுபடுத்துகிறாய்?” என்று கேட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிடுகிறார். அன்றிரவு மூன்று மணிக்கு நடப்பதை அவர் அறியமாட்டார்.

இவ்வாறு ஆண்டுகள் கழியும்போது கவனிப்பவரே இரண்டாவது நோயாளி ஆகிவிடுகிறார். முதுகுவலி வருகிறது. தமக்குரிய இரத்த அழுத்த மாத்திரையை விழுங்க மறக்கிறார். திருமணம், கோயில், திருவிழா எல்லாம் நின்றுபோகின்றன. பொறுமை இழந்து ஒரு சொல் கடிந்து பேசிவிட்டு, இரவெல்லாம் அதற்காக அழுகிறார். உயிரோடு இருப்பவரையே சிறிது சிறிதாக இழக்கும் துயரத்தை யாரிடம் சொல்வது? நாங்கள் சந்தித்த ஒரு தாயாரிடம், உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டோம். பணம் என்பார், மருந்து என்பார் என்று எண்ணினோம். இரண்டு மணி நேரம் யாராவது பார்த்துக்கொண்டால் நிம்மதியாகத் தூங்குவேன் என்றார் அவர்.

பெண்களின் சுமை மட்டுமா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். நம் இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்நிலை இருக்கும் என்று 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வீட்டில் கவனிப்பவர் சராசரியாக நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் இப்பணியில் செலவிடுகிறார். அவ்வாறு செலவிடப்படும் நேரத்தில் நூற்றுக்கு 70 பங்கு பெண்களுடையது என்றும் அந்நிறுவனம் கூறுகிறது.

இந்தக் கடைசி எண்ணைப் பெண்கள் பள்ளியில் படிக்கும் நாம் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மனைவி, மகள், மருமகள் ஆகியோர் அதில் அடங்குவர். பேத்தியும் அடங்குவாள். தாயார் ரேஷன் கடைக்கும் வேலைக்கும் போகும்போது பாட்டியோடு இருப்பது யார்? நம் வகுப்புகளிலேயே சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வெளியே சொல்வதில்லை. மாலை வகுப்புக்கு வராமல் போகிறார்கள். வீட்டுப்பாடத்தை இரவு பதினொரு மணிக்குத் தொடங்குகிறார்கள். “பெண் பிள்ளைதானே, பாட்டியோடு இருக்கட்டும்” என்பது எளிதான தீர்ப்பு. அரசுப் பொதுத்தேர்வு எழுதும் ஆண்டிலும் அத்தீர்ப்பு மாறுவதில்லை. அண்ணனுக்கும் அதே பாட்டிதான் என்பதைப் பெரியோர்கள் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். பாட்டியைப் பார்த்துக்கொள்ள நாங்கள் மறுக்கவில்லை. சுமையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றே வேண்டுகிறோம்.

சீராக்கின் ஞான நூலில் ஓர் அறிவுரை உண்டு. தந்தையின் அறிவு குன்றிப்போனாலும் அவரிடம் பொறுமையோடு நடந்துகொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்நிலையை அறிந்திருந்தனர் என்பது எங்களுக்கு வியப்பளித்தது. அந்த அறிவுரை பிள்ளைகள் எல்லோரையும் நோக்கிச் சொல்லப்பட்டது. வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணை மட்டும் நோக்கிச் சொல்லப்பட்டதன்று.

கோவாவில் கண்ட வழி

சரி, கவனிப்பவருக்கு உதவினால் உண்மையிலேயே பயன் உண்டா? இதற்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது.

1998ஆம் ஆண்டு கேரளத்தின் கொச்சி நகரில் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூடி ஒரு குழுவை அமைத்தனர். அதன் பெயர் ‘10/66’. மறதி நோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் வாழ்ந்தபோதிலும், ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அந்நாடுகளில் நடைபெறவில்லை என்ற குறையைச் சுட்டவே அப்பெயர். இக்குழுவோடு தொடர்புடைய டாக்டர் அமித் டயஸ் முதலியோர் கோவாவில் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 2008இல் வெளியிட்டனர்.

அவர்கள் பெரிய மருத்துவமனை எதையும் கட்டவில்லை. மேல்நிலைக் கல்வி முடித்த, கொங்கணி மொழி அறிந்த, முதியோர்பால் அக்கறை கொண்ட உள்ளூர் மக்களைத் தேர்ந்தெடுத்தனர். அவர்களுக்கு ஒரு வாரம் தீவிரப் பயிற்சி அளித்தனர். அந்த ஆலோசகர்கள் ஆறு மாதம், குறைந்தது இரு வாரத்துக்கு ஒருமுறை, மறதி நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றனர். நோய் இன்னதென்று விளக்கினர். நோயாளி அடம் பிடிக்கும்போதும் அலையும்போதும் என்ன செய்யலாம் என்று சொல்லிக் கொடுத்தனர். அரசு உதவித் திட்டங்களை அறிவித்தனர். ஒத்த துன்பம் உடைய குடும்பங்களை ஒருவரோடொருவர் சேர்த்து வைத்தனர். தேவைப்பட்டவர்களுக்கு மனநல மருத்துவரின் உதவியும் கிடைத்தது.

இச்சோதனையில் 81 குடும்பங்கள் பங்கேற்றன. ஏறக்குறைய பாதிக் குடும்பங்களுக்கு இவ்வுதவி உடனே கிடைத்தது. மற்றவை அதற்காகக் காத்திருந்தன. ஆறு மாத முடிவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, உதவி பெற்ற குடும்பங்களில் கவனிப்போரின் மனநலம் மேம்பட்டிருந்தது. நோயாளியின் நடத்தையால் அவர்கள் பட்ட மனவேதனையும் குறைந்திருந்தது. நோயாளியின் நினைவாற்றல் திரும்பவில்லைதான். ஆயினும் அவரைத் தாங்கும் கை வலுப்பெற்றது.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன? கவனிப்பவருக்கு உதவ டாக்டர் பட்டம் தேவையில்லை. முறையான சிறு பயிற்சியும், தவறாமல் வீடு தேடிச் செல்லும் காலும், கேட்கும் காதும் போதும். மேல்நிலைக் கல்வியை எட்ட நமக்கு இன்னும் இரண்டே ஆண்டுகள் உள்ளன.

நாம் செய்யக்கூடியவை

1. நேரத்தைக் குறித்துச் சொல்லி உதவ வேண்டும். “ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்” என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். “அத்தை, சனிக்கிழமை நான்கு மணி முதல் ஆறு மணி வரை நானும் அம்மாவும் பாட்டியோடு இருக்கிறோம், நீங்கள் தூங்குங்கள்” என்று சொன்னால் அது உதவி.

2. நோயாளியைச் சோதிக்கக் கூடாது. “நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்” என்று கேட்பது அவரை வெட்கப்படுத்தும். “பாட்டி, நான் செல்வியின் தோழி வந்திருக்கிறேன்” என்று நாமே சொல்லிவிடலாம். முகம் பார்த்து, சிறு சிறு வாக்கியமாகப் பேச வேண்டும். தவறாகச் சொன்னால் வாதிட வேண்டாம். “வீட்டுக்குப் போக வேண்டும்” என்றால், “உங்கள் வீட்டில் கிணறு இருந்ததா பாட்டி?” என்று அந்த வீட்டைப் பற்றியே பேசலாம்.

3. கைக்கு வேலை கொடுக்கலாம். கீரை ஆய்தல், பூத் தொடுத்தல், துண்டு மடித்தல் ஆகியவை பல ஆண்டுப் பழக்கம். பெயர் மறந்த பின்னும் விரல்கள் அவற்றை மறப்பதில்லை. பழைய பாடல்களும் செபங்களும் அவ்வாறே. ஒரு வீட்டில் மகனின் பெயர் அறியாத பாட்டி எங்களோடு செபமாலையைத் தடையின்றிச் சொன்னார்.

4. நாம் தனியாகப் பொறுப்பேற்கக் கூடாது. குளிப்பாட்டுதல், மாத்திரை கொடுத்தல், தூக்கி நடத்துதல் ஆகியவை பெரியோர் வேலை. கூப்பிடும் தொலைவில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.

5. கவனிப்பவருக்கு உபதேசம் செய்யக் கூடாது. “இன்னும் கொஞ்சம் பொறுமையாக இருங்கள்” என்பது புண்ணில் உப்பு. அவர் சொல்வதைக் கேட்டாலே பாதிச் சுமை இறங்கும்.

6. பாதுகாப்புக்கு உதவலாம். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சிறு அட்டையைப் பாட்டியின் ஆடையில் தைத்து வைக்கலாம். குளியலறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரிய வேண்டும். சமையல் முடிந்ததும் எரிவாயுச் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூட வேண்டும். தெருமுனைக் கடைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் சொல்லி வைத்தால், வழி தவறி வருபவரைத் திருப்பி அழைத்து வருவார்கள்.

7. வெளியூரில் உள்ள பிள்ளைகள் பணம் அனுப்புவது நல்லதே. அதோடு ஆண்டுக்கு இரண்டு வாரமேனும் வந்து இருந்து, கவனிப்பவருக்கு விடுமுறை அளிக்க வேண்டும்.

8. உதவி கிடைக்கும் இடங்களை அறிந்து சொல்ல வேண்டும். இந்திய அல்ஸைமர் சங்கம் 1992இல் கேரளத்தில் தோன்றியது. சென்னையிலும் அதன் கிளை உண்டு. 1984இல் டாக்டர் சாரதா மேனன் முதலானோர் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் நிறுவனம் மறதி நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் தனிப் பிரிவு நடத்துகிறது. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. கவனிப்பவர் மனம் சோர்ந்து பேச விரும்பினால் 14416 என்னும் டெலிமனஸ் எண் உண்டு.

ஓர் ஐயம்

“பெற்றோரைப் பார்ப்பது கடமை. கடமைக்கு உதவி கேட்பதா? ஊரார் என்ன சொல்வார்கள்?” என்று சிலர் நினைக்கிறார்கள். பகல்நேரக் காப்பகத்திலோ இல்லத்திலோ சேர்ப்பதைப் பாவம் என்றே எண்ணுவாரும் உண்டு. அன்பு இருந்தால் போதும் என்பது அவர்கள் வாதம்.

அன்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்புள்ளவருக்கும் பசி உண்டு, உறக்கம் உண்டு, முதுகு வலியும் உண்டு. மூன்று இரவு தூங்காதவர் கடிந்து பேசினால் அது அன்பின் குறைவன்று, உடலின் களைப்பு. அக்களைப்பு முற்றிக் கை ஓங்கும் அளவுக்குப் போகுமுன் மற்றவர்கள் துணைக்கு வர வேண்டும். மருத்துவமனைச் செவிலியர்கூட முறை மாற்றித்தான் பணி செய்கிறார்கள். இரவும் பகலும் ஒருவரே பார்க்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. வீட்டில் மட்டும் ஏன் எதிர்பார்க்கிறோம்? உதவி கேட்பது இழுக்கன்று. கேட்கும்வரை காத்திருப்பதுதான் நமக்கு இழுக்கு.

முடிவுரை

செப்டம்பர் 21ஆம் நாள் உலக அல்ஸைமர் நாள். 1994 முதல் அது கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. வரும் ஆண்டில் அந்நாளை நம் பள்ளியிலும் கொண்டாட வேண்டுமென்று தலைமையாசிரியை அவர்களிடம் விண்ணப்பித்துள்ளோம். பேச்சுப் போட்டியோடு நின்றுவிடாமல், மாணவியர் இருவரும் ஆசிரியை ஒருவரும் சேர்ந்த சிறு குழுக்கள் சனிக்கிழமை மாலைகளில் இத்தகைய வீடுகளுக்குச் செல்ல வேண்டும் என்பது எங்கள் விருப்பம். முதலில் ஒரு டாக்டரை அழைத்துப் பயிற்சி பெறுவோம். ஒரு வீட்டுக்கு மாதம் இருமுறை சென்றாலும் போதும்; ஆனால் சொன்ன நாளில் தவறாமல் செல்ல வேண்டும்.

அன்புத் தோழியரே! உங்கள் வகுப்பில் வீட்டுப்பாடம் முடிக்காமல் வரும் தோழி யார், மாலையில் மணி அடித்ததும் விளையாடாமல் ஓடுபவள் யார் என்று கவனியுங்கள். அவளிடம் ஏன் என்று கேளுங்கள். விட்டுப்போன பாடத்தை எழுதிக் கொடுங்கள். அதுவும் இச்சேவையின் ஒரு பகுதியே. முதியவரைப் போற்றும் நாடு நம் நாடு. அவர்களைத் தாங்கி நிற்பவர்களையும் போற்றும் நாடாக அதை ஆக்குவோம்!